ஃபுல் அண்ட் ஃபைனல் பணம் வரலையா? கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க

2 லட்சம் ரூபாய் விவகாரம் ஒன்று. முடிய பதினைந்தரை வருடத்துக்கு மேல் ஆனது.

விஜயா வங்கியில் ஒரு அதிகாரி 2007ல் சீனியர் மேனேஜர் பதவியில் சேர்கிறார். காஸ்ட் அக்கவுண்டன்ட், கிட்டத்தட்ட நம்ம துறைக்காரர். குறைந்தது 3 வருடம் வேலை பார்க்கணும், இல்லையென்றால் 2 லட்சம் கட்டணும் என்பது நியமன நிபந்தனை. 2009ல் வேறொரு வங்கியில் வேலை கிடைத்து விலகுகிறார். 2 லட்சத்தையும் கட்டுகிறார், "எதிர்ப்போடுதான் கட்டுறேன்" என்று பதிவு பண்ணிவிட்டு. அப்புறம் வழக்கு. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு. வங்கி மேல்முறையீடு. கடைசியில் 2025 மே 14ல் உச்ச நீதிமன்றம், அந்த நிபந்தனை செல்லும், வங்கி பணத்தை வாங்கியது சரிதான் என்று சொல்லிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம். தீர்ப்பு வந்தபோது விஜயா வங்கி என்று ஒரு வங்கியே இல்லை. 2019 ஏப்ரலிலேயே பேங்க் ஆஃப் பரோடாவோடு இணைந்துவிட்டது.

அவர் வழக்குப் போட்டது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு சட்டக் கேள்விக்கு நாட்டுக்கே விடை கிடைத்தது. ஆனால் நீங்களும் நானும் நாட்டுக்காக கேஸ் நடத்துவதில்லை. நமக்கு வர வேண்டிய பணம் வரணும், ரிலீவிங் லெட்டர் வரணும், அடுத்த வேலையில் நிம்மதியாக உட்காரணும். அந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் கோர்ட், சமரசம் ரெண்டில் எது லாபம் என்பது ஒரு கணக்கு. நான் வக்கீல் இல்லை, ஆடிட்டர். அதனால் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சேனலில் பேசும்போது எண்கள் வேகமாக ஓடிவிடும். இங்கே பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு கூடவே போட்டுப் பாருங்கள்.

உங்கள் பக்கத்துக் கணக்கு

ஓஎம்ஆர் பக்கம் ஒரு நிறுவனத்தில் நம்ம ஆள் வேலை பார்த்தார் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 90,000. நோட்டீஸ் பீரியடில் தகராறு. நிறுவனம் நிறுத்தி வைத்தது: ஒன்றரை மாதச் சம்பளம் 1,35,000, லீவ் என்கேஷ்மென்ட் 45,000, போன வருடத்து வேரியபிள் பே 1,80,000. மொத்தம் 3,60,000.

எல்லோரும் பண்ணுகிற முதல் தப்பு, "எனக்கு 3.6 லட்சம் வரணும்" என்று மொத்தமாகவே நினைப்பது. ரெண்டாகப் பிரியுங்கள். சம்பளமும் லீவும் சேர்ந்து 1,80,000. இது வேலை பார்த்த காசு, கையில் பே ஸ்லிப் இருக்கிறது, கிடைக்க 95% வாய்ப்பு என்று வைக்கலாம். வேரியபிள் கதை வேறு. "பணம் வழங்கும் தேதியில் பணியில் இருக்க வேண்டும்" என்று பாலிசியில் ஒரு வரி இருக்கும். அதை வைத்து நிறுவனம் வாதாடும். அதற்கு 45% வாய்ப்பு. ரெண்டையும் சேர்த்தால் 1,71,000 + 81,000 = 2,52,000. அதாவது மொத்தத்தில் 70%.

இந்த சதவீதங்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை. உங்கள் ஆவணங்களைப் பார்த்து ஒரு வக்கீல் சொல்வதுதான் உங்கள் சதவீதம். ஆயிரம் இரண்டாயிரம் ஃபீஸ் கொடுத்தாவது இதை மட்டும் கேட்டுவிடுங்கள். "கேஸ் ஜெயிக்குமா சார்?" என்று கேட்காதீர்கள். "பத்தில் எத்தனை?" என்று கேளுங்கள்.

அடுத்தது காலம். சிவில் வழக்கு 5 வருடம் ஓடுகிறது என்று வைப்போம். வாய்தா வாங்கியே காலம் போவதைப் பார்த்தவர்கள் இதைக் குறைவு என்றுகூடச் சொல்வார்கள். கோர்ட் 6% வட்டி கொடுத்தால் 5 வருடத்தில் 3,60,000 என்பது 4,68,000 ஆகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 4,68,000 ஐந்து வருடம் கழித்து வருகிற பணம். 8% தள்ளுபடி வைத்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் சுமார் 3,18,500. அதில் 70% என்றால் 2,23,000.

இனி செலவு. தமிழ்நாட்டில் பணம் கேட்டுப் போடும் வழக்குக்கு கோர்ட் கட்டணம் 3%. 2017 வரைக்கும் இது 7.5% ஆக இருந்தது, நல்ல வேளையாகக் குறைத்தார்கள். நம்ம ஆளுக்கு 10,800. வக்கீல் ஃபீஸ், டைப்பிங், இதர செலவு எல்லாம் சேர்த்து 5 வருடத்துக்கு 60,000 என்று வையுங்கள். ஜெயித்தால் செலவுத் தொகை கொடுக்கச் சொல்லி உத்தரவு வரலாம், ஆனால் நிஜமாகச் செலவழித்தது முழுவதும் திரும்பி வரும் என்று பட்ஜெட் போடாதீர்கள்.

2,23,000 லிருந்து 70,800 போனால் மீதி சுமார் 1,52,000.

அதாவது, காகிதத்தில் 3,60,000 ஆக இருக்கிற உங்கள் வழக்கின் இன்றைய மதிப்பு ஒன்றரை லட்சம். இதில் லீவு போட்டு கோர்ட்டுக்குப் போகிற நாட்களின் சம்பளத்தை நான் சேர்க்கவே இல்லை. இன்னும் சின்னத் தொகை என்றால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான்.

எதிர்ப்பக்கத்துக் கணக்கையும் நீங்களே போடுங்கள்

இதை யாரும் செய்வதில்லை. ஆனால் பேரம் பேசும் பலம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

நிறுவனத்துக்குப் பணத்தின் விலை கொஞ்சம் அதிகம், 12% என்று வையுங்கள். 5 வருடம் கழித்து 4,68,000 கொடுக்க வேண்டி வந்தால் இன்றைய மதிப்பு சுமார் 2,65,500. அதில் 70% என்றால் 1,86,000. அவர்கள் வைக்கிற வக்கீல் உங்களுடையவரை விட விலை அதிகம், 1,50,000 என்று போடுங்கள். ஆக மொத்தம் 3,36,000. ஹெச்ஆர் மேனேஜர் சாட்சி சொல்ல அலைவது, ஆடிட்டில் இந்த வழக்கைப் பற்றி நாங்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது எல்லாம் தனி.

இப்போது ரெண்டு எண்களையும் பக்கத்தில் வையுங்கள். உங்களுக்கு 1,52,000க்கு மேல் எது கிடைத்தாலும் கோர்ட்டை விட லாபம். அவர்களுக்கு 3,36,000க்குக் கீழே எது கொடுத்தாலும் கோர்ட்டை விட லாபம். நடுவில் 1,84,000 ரூபாய் இடைவெளி இருக்கிறது. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் லாபம் பார்க்கக்கூடிய இடம் இது. கோர்ட்டுக்குப் போனால் இந்த இடைவெளியைக் காலமும் கட்டணமும் தின்றுவிடும். சமரசம் என்பது அதைத் தின்ன விடாமல் பங்கு போட்டுக்கொள்வதுதான்.

எங்கே முடியும் என்பது உங்கள் பொறுமையையும் ஆவணத்தையும் பொறுத்தது. நடுவில் 2,44,000 வருகிறது. 2,40,000க்கு முடிந்தால் என் பார்வையில் அது நல்ல செட்டில்மென்ட். "1.2 லட்சத்தை விட்டுக் கொடுத்துட்டோமே" என்று தோன்றும். நீங்கள் விட்டுக்கொடுத்தது காகிதத்தில் இருந்த எண்ணை.

வரி சேர்த்தால் கணக்கு இன்னும் மாறும்

இது வக்கீல் சொல்லாமல் விடுகிற பகுதி, அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

நிறுவனத்துக்கு செட்டில்மென்ட் தொகையும் வக்கீல் ஃபீஸும் ரெண்டுமே வியாபாரச் செலவு. வரியில் கழித்துக்கொள்வார்கள். சம்பளக்காரருக்கு அப்படி இல்லை. வருகிற பணத்துக்கு முழு வரி. செலவழித்த வக்கீல் ஃபீஸை சம்பள வருமானத்திலிருந்து ஒரு ரூபாய்கூடக் கழிக்க முடியாது. நிலையான கழிவு ஒன்றுதான் உண்டு, அது எல்லோருக்கும் ஒன்று.

நம்ம ஆள் இப்போது புதிய வேலையில் வருடம் 18 லட்சம் வாங்குகிறார், புதிய வரி முறை. 20% அடுக்கு, செஸ்ஸோடு 20.8%. கோர்ட் வழியில் வரும் 2,23,000 வரி போக சுமார் 1,76,600. அதிலிருந்து 70,800 செலவைக் கழித்தால் கையில் 1,05,800. சமரசத்தில் இதே 1,05,800 கையில் நிற்க எவ்வளவு வாங்கினால் போதும்? சுமார் 1,33,600. பார்த்தீர்களா, வரி சேர்த்ததும் கோர்ட் வழியின் மதிப்பு 1,52,000லிருந்து 1,34,000க்கு இறங்கிவிட்டது. வரி அடுக்கு ஏற ஏற இது இன்னும் இறங்கும்.

பேச்சுவார்த்தையில் எப்போதும் ஒரு கேள்வியைத் தெளிவு பண்ணிக்கொள்ளுங்கள்: சொல்கிற தொகை டிடிஎஸ் பிடிப்பதற்கு முன்பா, பின்பா? வேலை முடிவுக்காக முதலாளி கொடுக்கும் இழப்பீடு பொதுவாக சம்பளத்துக்குப் பதிலான வருமானமாகத்தான் பார்க்கப்படும், டிடிஎஸ் பிடிப்பார்கள். 2,40,000 என்று கைகுலுக்கிவிட்டு அக்கவுண்டில் 1,90,000 வந்தால் மறுபடி சண்டை. முந்தைய வருடத்துச் சம்பள பாக்கி என்றால் அதை "நிலுவை" என்று தனியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். பழைய சட்டத்தில் பிரிவு 89 என்று நமக்குப் பழக்கமான நிவாரணம் கேட்க அந்தப் பிரிவினை உதவும். மொத்தமாக ஒரே வரியில் "ஃபுல் அண்ட் ஃபைனல்" என்று போட்டுவிட்டால் பிறகு பிரித்துக் காட்டுவது கஷ்டம்.

அப்புறம் நோட்டீஸ் பே. நோட்டீஸ் பீரியட் முழுவதும் வேலை செய்யாததற்குப் பிடிக்கும் பணத்தின் மேல் 18% ஜிஎஸ்டியும் சேர்த்துப் பிடிக்கிற நிறுவனங்கள் இருந்தன. 2022 ஆகஸ்ட் 3ல் வந்த மறைமுக வரி வாரியத்தின் 178 எண் சுற்றறிக்கை, இந்தப் பிடித்தத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்கு முன்பே, சேவை வரி காலத்து வழக்கு ஒன்றில் நம் சென்னை உயர் நீதிமன்றமும் இதே பக்கம்தான் நின்றது. உங்கள் கணக்கில் அப்படி ஒரு வரி இருந்தால் பேச்சுவார்த்தைக்கே அவசியமில்லை. சுற்றறிக்கை எண்ணைப் போட்டு ஒரு மெயில் போதும்.

பஞ்சாயத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

சமரசம் என்றதும் நம் ஊரில் ரெண்டு படம் மனதில் வரும். ஒன்று, ஆலமரத்தடி நாட்டாமை. இன்னொன்று, கட்டப் பஞ்சாயத்து. ரெண்டும் இதில்லை. நாட்டாமை தீர்ப்புச் சொல்வார். மீடியேட்டர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், அவருக்கு அந்த அதிகாரமே கிடையாது. கட்டப் பஞ்சாயத்தில் பயம் இருக்கும். இதில் எந்த நிமிடமும் "எனக்கு ஒத்துவரலை" என்று எழுந்து வந்துவிடலாம், கோர்ட் கதவு அப்படியே திறந்திருக்கும்.

நடப்பது இதுதான். முதலில் ரெண்டு தரப்பும் ஒரே அறையில் உட்கார்ந்து அவரவர் கதையைச் சொல்வார்கள். பிறகு மீடியேட்டர் ஒவ்வொரு தரப்பையும் தனியாகப் பார்ப்பார். உண்மையான பேச்சு இந்தத் தனி அறையில்தான். "சார், எனக்குப் பணத்தை விட ரிலீவிங் லெட்டர்தான் அவசரம்" என்று நீங்கள் சொல்லலாம். நீங்கள் அனுமதி கொடுக்காத எதையும் அவர் அந்தப் பக்கம் போய்ச் சொல்லக்கூடாது. அங்கே பேசியதைப் பிறகு கோர்ட்டில் சாட்சியமாகக் கொண்டுவரவும் கூடாது. அதனால்தான் மனிதர்கள் அங்கே மனம்விட்டுப் பேசுகிறார்கள்.

இதில் நம் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. நீதிமன்றத்தோடு இணைந்த இந்தியாவின் முதல் சமரச மையம் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 ஏப்ரலில்தான் தொடங்கியது. மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு அதற்குப் பின்னால் இருந்த முக்கியமானவர்களில் ஒருவர். இப்போது மாவட்ட நீதிமன்றங்களிலும் சமரச மையப் பலகையைப் பார்க்கலாம்.

ஏற்கெனவே வழக்குப் போட்டுவிட்டீர்களா? அப்போதும் வழி இருக்கிறது. வழக்கின் நடுவில் சமரசத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்ப வரும். நீதிமன்றம் அனுப்பாமல் ரெண்டு தரப்பும் வெளியே தாங்களாகவே பேசி முடித்தாலும் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்று, தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே 2021ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கோர்ட்டால் கொடுக்க முடியாதது

கோர்ட் பணம் கொடுக்கச் சொல்லும். ஆனால் ரிலீவிங் லெட்டரில் என்ன வார்த்தை இருக்கணும், அடுத்த நிறுவனம் போன் பண்ணினால் ஹெச்ஆர் என்ன சொல்லணும் என்பதெல்லாம் டிக்ரியில் வராது. இளம் வயதில் வேலை மாறுகிறவருக்குப் பணத்தை விட இவைதான் விலை அதிகம்.

இன்னொன்று, நிறைய பேர் யோசிக்காதது. வழக்குப் போட்டால் உங்கள் பெயர் இ-கோர்ட்ஸ் தளத்தில் வரும். யார் வேண்டுமானாலும் தேடலாம். பின்னணிச் சரிபார்ப்பு செய்கிற ஏஜென்சிகள் தேடவும் செய்கின்றன. நீங்கள் நியாயமான காரணத்துக்குத்தான் வழக்குப் போட்டிருப்பீர்கள், ஆனால் திரையில் தெரிவது "இவர் எதிர் முன்னாள் நிறுவனம்" என்கிற ஒரு வரிதான். இது நியாயமில்லை என்பது என் கருத்து. ஆனால் நடப்பது இதுதான்.

அதே போல, ஆஃபர் லெட்டரை எடுத்து "ஜூரிஸ்டிக்ஷன்" என்கிற வரியைத் தேடுங்கள். "மும்பை நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்" என்று இருக்கிறதா? வேலை ஒப்பந்தத்தில் இப்படி ஒரே ஊரைக் குறிப்பிடுவது செல்லும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு தனியார் வங்கி ஊழியர்கள் வழக்கில் தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. எந்த ஊர் கோர்ட் என்கிற கேள்வியை மட்டும் முடிக்கவே உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. சென்னையில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு மேலே போட்ட 60,000 செலவு அப்போது எங்கே போய் நிற்கும் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, எங்கே போவது?

முதலில் ஒரு எழுத்துபூர்வமான மெயில். கோபம் இல்லாமல், தேதி வாரியாக, தொகையைப் பிரித்து, 15 நாள் கெடு கொடுத்து. "பேசித் தீர்க்கத் தயாராக இருக்கிறேன், சமரசத்துக்கு ஒத்துக்கொள்கிறீர்களா?" என்று ஒரு வரி. இதற்கு முன், ஐடி அக்சஸ் போவதற்குள் உங்களுடைய பே ஸ்லிப், ஆஃபர் லெட்டர், அப்ரைசல் லெட்டர், லீவ் பேலன்ஸ் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையதை மட்டும். கிளையன்ட் ஃபைல் ஒன்றைத் தவறிப்போய் உங்கள் மெயிலுக்கு அனுப்பிவிட்டால், வலுவான உங்கள் வழக்கு அவர்கள் கைக்குப் போய்விடும்.

மெயிலில் சட்டத்தையும் சொல்லுங்கள். 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது. அதன் பிரிவு 17ன்படி வேலையிலிருந்து விலகியவருக்கு ஊதிய பாக்கியை 2 வேலை நாட்களுக்குள் கொடுக்கணும். "எங்க பாலிசி 45 நாள்" என்கிற பழைய பாட்டு சம்பளத்துக்கு எடுபடாது. வெறும் சம்பள பாக்கி மட்டும் என்றால் சிவில் கோர்ட்டே வேண்டாம், தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனு போடலாம். வேரியபிள், பாண்ட், ஜாயினிங் போனஸ் திருப்பித் தருவது மாதிரி விஷயங்கள் கலக்கும்போதுதான் சிக்கல்.

மெயிலுக்கு அசையவில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். வழக்குப் போடாமலே முன்வழக்கு மனு கொடுக்கலாம், கட்டணம் இல்லை. அவர்கள் எதிர்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்புவார்கள். ஆணைக்குழுவின் நோட்டீஸ் வந்ததும் ஹெச்ஆரின் குரல் மாறுவதை எதிர்பார்க்கலாம், ஏனென்றால் அது லீகல் டீம் மேஜைக்குப் போகிறது. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவியும் உண்டு.

வேலை நீக்கம் பண்ணிவிட்டார்கள், நீங்கள் மேலாளர் பொறுப்பில் இல்லை என்றால் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் போகலாம். போக்குவரத்துத் தொழிலாளர் செய்திகளில் "12(3) ஒப்பந்தம்" என்று படித்திருப்பீர்கள், அது இந்த அதிகாரி முன் போட்ட ஒப்பந்தம்தான். ஐடி ஊழியர்களும் இந்த வழியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மனு போட்டு 45 நாளில் ஒன்றும் நகரவில்லை என்றால் தீர்ப்பாயத்தை நேரடியாக அணுகலாம்.

தொகை பெரியது, 15 லட்சம் 20 லட்சம் என்றால் தனியார் மீடியேட்டர். ஃபீஸை ரெண்டு தரப்பும் பாதி பாதி. இஎஸ்ஓபி தகராறு மாதிரி விஷயத்துக்கு, அதைப் புரிந்தவர் உட்காருவதே பாதி வேலையை முடித்துவிடும்.

கையெழுத்துப் போடும் முன்

பேசி முடித்துவிட்டோம் என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது வெறும் ஒப்பந்தம். நிறுவனம் பணம் போடவில்லை என்றால், அந்த ஒப்பந்தத்தை வைத்து மறுபடி வழக்குப் போடணும். எதைத் தவிர்க்க வந்தோமோ அங்கேயே போய் நிற்போம். அதனால் முடிந்தவரை மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்யுங்கள். மக்கள் நீதிமன்றத்தின் உத்தரவு சிவில் கோர்ட் டிக்ரிக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. நேராக நிறைவேற்றக் கேட்கலாம்.

2023ல் சமரசத்துக்கென்றே தனிச் சட்டம் வந்தது. ஆனால் அதன் எல்லாப் பிரிவுகளும் ஒரே நாளில் அமலுக்கு வரவில்லை, முதல் தொகுதிதான் 2023 அக்டோபர் 9ல் வந்தது. எனவே தனியார் மீடியேட்டரிடம் போனால் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "நாங்க போடுற ஒப்பந்தம் எந்தச் சட்டப்படி டிக்ரி மாதிரி செல்லும்?" தெளிவாகப் பதில் வரவில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் தொகை, டிடிஎஸ், பணம் வரும் தேதி, தவறினால் வட்டி, ரிலீவிங் மற்றும் அனுபவக் கடிதத்தின் வாசகம் (இணைப்பாகவே சேர்த்துவிடுங்கள்), படிவம் 16, பிஎஃப்பில் விலகிய தேதி, லேப்டாப் ஒப்படைப்பு, ரெண்டு தரப்பும் புகார்களைத் திரும்பப் பெறுவது ஆகியவை இருக்கணும். கடிதம் கைக்கு வந்த பிறகு பணம், அல்லது ரெண்டும் ஒரே நாளில். "கையெழுத்துப் போடுங்க, லெட்டர் அடுத்த வாரம் வந்துடும்" என்றால் நீங்களும் கையெழுத்தை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிஎஃப், கிராஜுவிட்டி ரெண்டையும் பேர மேஜைக்குக் கொண்டுவரவே விடாதீர்கள். தகராறு தீரும் வரை பிஎஃப் பணத்தை நிறுத்துகிறோம் என்று சொல்ல நிறுவனத்துக்கு உரிமை இல்லை. விலகிய தேதியை அவர்கள் போடவில்லை என்றால், கடைசிப் பங்களிப்பு வந்து 2 மாதம் கழித்து யுஏஎன் தளத்தில் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

சமரசம் வேண்டாம் என்று நான் சொல்லும் இடங்கள்

பாலியல் துன்புறுத்தல் புகார். அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. விசாரணைக்கு முன் சமரசம் என்பது பாதிக்கப்பட்ட பெண்ணே கேட்டால் மட்டும்தான். அப்போதும் பணத்தை அடிப்படையாக வைத்து முடிக்கக் கூடாது. "பேசித் தீத்துக்கலாம்மா" என்று மேலதிகாரி சொன்னால் அது சமரசம் இல்லை, அழுத்தம்.

உங்கள் கையெழுத்தைப் போலியாகப் போட்டிருக்கிறார்கள், சம்பளத்தில் பிடித்த பிஎஃப்பைக் கட்டவே இல்லை என்பது மாதிரி விஷயங்களும் அப்படித்தான். அதோடு, வேலை விட்ட பின் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்று மிரட்டி ஒரு தொகை கேட்டால் அவசரப்பட்டு சமரசத்தில் பணம் கொடுக்காதீர்கள். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 27ன்படி, வேலை முடிந்த பிறகான அந்த மாதிரித் தடை பொதுவாகச் செல்லாது. இருக்காத கடனுக்குப் பாதியில் முடிக்கிறோம் என்பது லாபம் இல்லை.

பாண்ட் விஷயத்தில் நடுநிலை. விஜயா வங்கித் தீர்ப்புக்குப் பிறகு "பாண்டே செல்லாது" என்று இனிமேல் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. ஆனால் பிரிவு 74 இருக்கிறது. பாண்டில் எழுதிய தொகை உச்சவரம்புதான், நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். 3 நாள் இன்டக்ஷன் கொடுத்துவிட்டு 3 லட்சம் கேட்கிற பாண்ட், சமரசத்துக்கு என்றே பிறந்தது.

எல்லாவற்றிலும் தேதியைக் கவனியுங்கள். பணம் கேட்கும் சிவில் வழக்குக்கு 3 வருடக் கெடு. தனியாகப் பேசிக்கொண்டிருப்பது அந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. நிறுவனம் "ப்ராசஸ்ல இருக்கு" என்று இழுத்துக்கொண்டே போகும், மூன்றாவது வருடம் முடிந்ததும் மெயிலுக்குப் பதிலே வராது. கெடு நெருங்கினால் முதலில் வழக்கைப் போட்டுவிடுங்கள், அப்புறம் அங்கிருந்தே சமரசத்துக்குப் போங்கள். நடுவில் "உங்களுக்கு இவ்வளவு பாக்கி இருக்கிறது" என்று ஒப்புக்கொண்டு அவர்கள் கையொப்பத்தோடு ஏதாவது அனுப்பினால் பத்திரப்படுத்துங்கள். கெடுவுக்குள் வந்த ஒப்புதல் என்றால் 3 வருடம் அந்தத் தேதியிலிருந்து புதிதாக எண்ணப்படும்.

வார இறுதியில் ஃப்ரீலான்ஸ் பண்ணுபவர்களுக்கு

கிளையன்ட் பணம் தராத விவகாரம் வேறு வழியில் போகும். சேவை ஒப்பந்தம், தொகை 3 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் அது வணிகத் தகராறு. அவசர இடைக்கால உத்தரவு தேவைப்படாத வழக்கில், முதலில் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக சமரசத்துக்கு முயற்சி செய்யாமல் வழக்கே போட முடியாது. வணிக நீதிமன்றச் சட்டம் பிரிவு 12ஏ. இது கட்டாயம்தான் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. அந்த சமரசம் நடக்கும் காலம் கெடுவில் கணக்காகாது என்பது கூடுதல் வசதி.

உத்யம் பதிவு வைத்திருந்தால் இன்னும் நல்லது. சிறு, குறு நிறுவனச் சட்டப்படி வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தரணும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. சமாதான் தளத்தில் மனு போட்டால் அதற்கான கவுன்சில் முதலில் சமரசம் பேசும், நடக்காவிட்டால் ஆர்பிட்ரேஷனுக்குப் போகும். பதிவு இலவசம், ஆதாரும் பானும் போதும். ஆனால் வேலையை முடித்து, பில் போட்டு, பணம் நின்றுபோன பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால் அந்தப் பழைய பில்லுக்கு இந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. அடுத்த இன்வாய்ஸ் அனுப்புவதற்கு முன்னாடியே பண்ணிவிடுங்கள்.